கவலை போன பிறகு

வட ஆற்காட்டுக் கிராமங்களில் ‘கவலை’ என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் இரண்டு பொருள் இருந்தது. ஒன்று எல்லா ஊரிலும் உள்ளது. மற்றொன்று கிணற்று மேட்டில் நின்றது. இரண்டு கல் தூண்கள், அவற்றின் நடுவே ஓர் உருளை, உருளை மேல் ஓடும் வடம், வடத்தின் ஒரு முனையில் இரண்டு மாடுகள், மறுமுனையில் தண்ணீர்ச் சால். வேறு பக்கங்களில் கமலை, கபிலை என்பார்கள்.

சூட்சுமம் எல்லாம் அந்தச் சாலின் அடியில்தான். அங்கே யானைத் துதிக்கைபோல ஒரு தோல் குழாய் தொங்கும். தும்பி என்று பெயர். சால் ஏறி வரும்போது வால்கயிறு இந்தத் தும்பியை மடக்கிச் சாலின் வாய் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்திருக்கும். தும்பியின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை அதன் வழியாகத் தண்ணீர் வெளியேறாது. மேலே வந்ததும் சால் இன்னும் கொஞ்சம் ஏறும், தும்பி மட்டும் தொட்டியின் விளிம்பில் படுத்துக்கொள்ளும், தண்ணீர் தானாகக் கொட்டிவிடும். கவிழ்க்கத் தனி ஆள் வேண்டாம். மாடுகள் சரிவில் இறங்கியபடி இழுப்பதால் அவற்றின் எடையும் சேர்ந்து வேலை செய்யும். வேளாண் இயந்திரம் என்றால் இரும்பும் டீசலும் என்று நினைக்கிறோம். கயிறும் தோலும் மாடும் சேர்ந்த இதுவும் இயந்திரம்தான்.

தும்பிக்கான தோல் ஊரிலேயே பதனிடப்பட்டது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில் வாரக்கணக்கில் கிடந்து வந்த தோல். தண்ணீரில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து சீக்கிரம் கிழிந்துவிடும். தோல் தைப்பவர் இல்லாமல் பயிர் நனையாது. பாலாற்றங்கரையில் தோலும் விவசாயமும் எதிரெதிர்க் கட்சிகளாக நீதிமன்றம் ஏறுவதற்கு முன்பு, கிணற்றுக்குள் ஒரே கயிற்றில் தொங்கியிருக்கின்றன.

அந்தக் கயிற்றின் இரண்டு முனைகளையும் தொட்டவர் ஒருவர் உண்டு. ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1880களின் இறுதியில் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர். கவலையும் ஏற்றமும் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் இறைக்கின்றன, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று அளந்தார். அளந்ததோடு நிற்காமல், எண்ணெய் எஞ்சினையும் மையவிலக்குப் பம்பையும் கிணற்றில் பொருத்தினால் என்ன என்று இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னை மாகாணத்தில் சோதித்துப் பரப்பினார். அதே காலத்தில், 1903 வாக்கில், சென்னைக் கலைப்பள்ளியில் அவர் தொடங்கிய மற்றொரு சோதனை குரோம் பதனிடுதல். பட்டையில் பல வாரம் ஊறவேண்டிய தோல், குரோமியம் உப்புக் கரைசலில் ஓரிரு நாளில் பதமாகிவிடும், நீரிலும் தாக்குப்பிடிக்கும். செருப்புக்கு மட்டுமல்ல, கவலைத் தோலுக்கும் இது நல்லது என்று அப்போது கருதினார்கள்.

கவலையை ஒழிக்கும் பம்பும் கவலைக்கு நல்ல தோலும் ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தன. அவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றியதா தெரியாது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் அடுத்த நூறாண்டை இந்த இரண்டு சோதனைகளும் சேர்ந்துதான் எழுதின என்பது என் எண்ணம். இந்த வட்டாரத்தின் வேளாண் இயந்திரக் கதையை டிராக்டரிலிருந்து தொடங்கினால் பாதிதான் புரியும். பம்பிலிருந்து தொடங்கவேண்டும்.

பாலாறு பெரும்பாலும் மணலாறு. மேலே வறண்டு கிடந்தாலும் அடியில் ஊற்று ஓடும். ஆற்று மணலில் வாய்க்கால் தோண்டி அந்த ஊற்றைச் சரிவிலேயே வயலுக்குக் கொண்டுவரும் ஊற்றுக்கால்கள் இந்த வட்டாரத்தின் பழைய பாசனம். அதற்கு மாடும் வேண்டாம், எஞ்சினும் வேண்டாம். ஆற்றை விட்டு விலகினால் கிணறுதான் கதி. அந்தக் கிணறுகளுக்கு 1950களிலிருந்து மின்சாரம் வந்தது, கோயம்புத்தூர் மோட்டார்கள் வந்தன. 1980களில் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இதற்கிடையில் பசுமைப் புரட்சியை அளந்து பார்க்க உலகம் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்றாகவும் வட ஆற்காடு ஆனது. 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார்கள். 1980களில் பீட்டர் ஹேசல், சி. ராமசாமி என்ற ஆய்வாளர்கள் அதே வட்டாரத்தை மறுபடி ஆராய்ந்து, 1991இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். புது நெல் ரகம் என்ன செய்தது என்று பார்க்க வந்தவர்களால் கிணற்றையும் பம்புசெட்டையும் பார்க்காமல் போக முடியவில்லை. குட்டை நெல்லுக்கு வேண்டியது நேரத்துக்குத் தண்ணீர். அதைக் கொடுத்தது பம்பு.

பம்புக்கு ஒரு பலவீனம் உண்டு. கரையில் நின்று உறிஞ்சும் பம்பு உண்மையில் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த வளிமண்டலத்துக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல்தான் தள்ளும் வலிமை. நடைமுறையில் 6, 7 மீட்டரிலேயே மூச்சு வாங்கும். நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கியபோது, கிணற்றுக்குள் திட்டு கட்டி மோட்டாரை இறக்கினார்கள். மழைக்காலத்தில் மோட்டார் மூழ்கியது. பிறகு கிணற்றுக்குள்ளேயே போர், பக்கவாட்டில் சைடு போர், கம்ப்ரசர், கடைசியில் நீர்மூழ்கி மோட்டார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இரவெல்லாம் பாறையைத் துளைத்தன. ஆற்றுப்படுகையைத் தாண்டினால் இங்கே அடியில் இருப்பது கடும்பாறை. அதில் தண்ணீர் பானையில் இருப்பதுபோல் இருக்காது, விரிசல்களில் ஒளிந்திருக்கும். விரிசலைத் தொட்டால் அதிர்ஷ்டம், தவறினால் புழுதி.

ஒரு சின்னக் கணக்கு. கவலை மாடு இரண்டின் திறன் ஏறக்குறைய முக்கால் குதிரைத்திறன். அதில் பாதி கயிற்றிலும் உருளையிலும் சிந்தலிலும் போனாலும், 10 மீட்டர் ஆழத்திலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 2.8 லிட்டர் மேலே வரும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார், 40 சதவீதம் பயனுறுதிறனோடு, அதே 10 மீட்டரிலிருந்து நொடிக்கு 15 லிட்டர் கொடுக்கும். ஐந்து கவலைக்கும் மேல். அதே மோட்டாரை 100 மீட்டருக்கு இறக்குங்கள். நொடிக்கு ஒன்றரை லிட்டர். தாத்தாவின் ஒரு ஜோடி மாடு இறைத்ததைவிடக் குறைவு. மாடு சில மணி நேரத்தில் களைத்துவிடும், மோட்டார் மும்முனை மின்சாரம் இருக்கும்வரை ஓடும். அந்த வித்தியாசத்தை மறுக்கவில்லை. ஆனால் இயந்திரத்தின் வலிமை பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் குதிரைத்திறனில் இல்லை, அது எந்த ஆழத்தோடு மல்லுக்கட்டுகிறது என்பதில் இருக்கிறது.

இனி சாட்டர்டனின் மற்றொரு சோதனையான குரோம் பதனிடுதலுக்கு வருவோம். 1970கள்வரை பாலாற்றுப் பள்ளத்தாக்கில் பெரும்பகுதி பட்டைப் பதனிடுதல்தான். சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 1973 முதல் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு வந்தது. முழுமையாக்கிய தோலாக, ஷூவாக அனுப்பு என்பது அரசின் கொள்கை. அந்நியச் செலாவணிக்கு நல்லது, வேலைவாய்ப்புக்கும் நல்லது. குரோம் பதனிடுதல் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. கிணறுகளில் மோட்டார் பெருகிய அதே பத்தாண்டுகளில்தான் இதுவும் நடந்தது.

குரோமியத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வயலைப் பொறுத்தவரை பெரிய எதிரி அதைவிட எளியது, சமையலறை உப்பு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உப்பு போட்டுத்தான் வருகிறது. தொழிற்சாலையில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று குறிப்பிட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த முதற்கட்டக் கணக்கையும் தீர்ப்பு பதிவுசெய்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்டவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்த தீர்ப்பு இது. சட்டக் கல்லூரி மாணவர்கள் வேலூர் என்ற பெயரைக் கோட்டைக்காக அல்ல, இதற்காகத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

உப்பு ஏறிய மண்ணில் டிராக்டர் இறங்கினால் என்ன ஆகும்? இதைப் பற்றி இயந்திர விற்பனைத் துண்டறிக்கைகளில் ஒரு வரி கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். களிமண் துகள் ஒவ்வொன்றும் எதிர்மின்னூட்டம் கொண்ட மெல்லிய தகடு. கால்சியம் இரண்டு நேர்மின்னூட்டம் உள்ளது. பக்கத்துப் பக்கத்துத் தகடுகளை நெருக்கிப் பிடித்துக் குருணையாக்கும். குருணைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், அதில் காற்றும் நீரும் வேரும் போகும். சோடியத்துக்கு மின்னூட்டம் ஒன்றுதான், பிடிக்கும் வலிமை குறைவு. அது கால்சியத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் தகடுகளின் பிடி விடும். நீர் பட்டதும் குருணை கரைந்து குழம்பாகும், அந்தக் குழம்பு இடைவெளிகளை அடைக்கும், காய்ந்தால் ஓடாகும். ஈரத்தில் சாந்து, வெயிலில் சிமென்ட். இரண்டுக்கும் நடுவே உழுவதற்கேற்ற பதம் என்று ஒன்று நல்ல மண்ணில் ஒரு வாரம் நிற்கும். இங்கே ஓரிரு நாளில் தாண்டிவிடும்.

வாடகை டிராக்டர் அந்த ஓரிரு நாளில் வருமா? இதுதான் சிக்கலின் முடிச்சு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த அளவுக்குச் சொந்த டிராக்டர் கட்டுப்படியாகாது, வாடகைதான். மழை எல்லோருக்கும் ஒரே நாளில் பெய்கிறது, பதமும் எல்லோருக்கும் ஒரே நாளில் வருகிறது. டிராக்டர்காரர் பெரிய நிலத்தை முதலில் முடிப்பார், மூலையில் இருக்கும் அரை ஏக்கர் கடைசியில். வேளாண் பொறியியல் துறை குறைந்த வாடகையில் டிராக்டரும் கலப்பையும் தருகிறது, முன்பதிவுக்குச் செயலியும் இருக்கிறது. ஆனால் துறையின் வண்டி வருவதற்குள் மண் காத்திருக்காது. பதம் தப்பிய பிறகு, ரொட்டவேட்டரைப் போட்டு ஒரே ஓட்டில் மாவாக்கிவிடுவது இன்றைய வழக்கம். மேலே பார்க்க அழகாக இருக்கும். ரொட்டவேட்டர் ஒரே ஆழத்தில் அடித்து அடித்து, அதற்குக் கீழே மண் இறுகிப்போகும். சோடியம் ஏறிய நிலத்தில் அந்த இறுக்கம் வேகமாக வரும், அடுத்த மழையில் மாவு மறுபடி ஓடாகும். கட்டியை உடைக்க நாம் விரும்பிக் கூப்பிடும் இயந்திரமே குருணையையும் உடைத்துவிடுகிறது. இந்த நிலத்துக்கு வேண்டியது மேலே அரைக்கும் கருவி இல்லை, கீழே கீறிவிடும் உளிக்கலப்பை. அதை இழுக்க அதிகச் சக்தி வேண்டும், டீசல் கூடும், ஓட்டியதும் வயல் பார்க்க ஒன்றும் செய்யாததுபோலவே இருக்கும். காசு கொடுத்தவர்க்குத் திருப்தி வராது.

நடவு இயந்திரமும் இதே இடத்தில் தடுக்குகிறது. பாய் நாற்றங்காலில் 15 நாள் நாற்று வளர்த்து, சேடை ஓட்டி, சேறு படிந்த பிறகு இயந்திரம் இறங்கவேண்டும். சோடியக் களி சுலபத்தில் படியாது. கலங்கல் அப்படியே மிதக்கும், நட்ட நாற்று சாய்ந்து ஓடும். கையால் நடும் பெண் ஒவ்வொரு நாற்றுக்கும் விரலால் ஆழம் பார்க்கிறாள், இயந்திரத்துக்கு அந்த விரல் இல்லை.

அந்தப் பெண் இப்போது வயலில் இல்லை என்பது இன்னொரு விஷயம். காலை ஏழு மணிக்கு ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிச் சாலைகளில் நின்று பாருங்கள். ஷூ கம்பெனி வேன்களும் பேருந்துகளும் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஷூவின் மேல்பாகம் தைப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. மாதச் சம்பளம், பி.எஃப்., தலைக்கு மேல் கூரை. களைவெட்டும் நடவும் இதோடு போட்டிபோட முடியாது, போட்டிபோடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கூலி ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர் அலுத்துக்கொள்வது, வேறு வழியில்லாமல் குனிந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள் என்பதன் மறுபெயர்தான். மற்ற நாடுகளிலும் இப்படித்தான் நடந்தது. ஜப்பானின் நடவு இயந்திரம் 1960களில் பிறந்ததற்குக் காரணம், கிராமத்து இளைஞர்கள் நகரத் தொழிற்சாலைக்குப் போனது. ஆள் போன பிறகுதான் இயந்திரம் வரும். பாலாற்றங்கரையின் விசேஷம், ஆளை அழைத்துப்போன தொழிலே மண்ணையும் மாற்றிவைத்துவிட்டுப் போனது.

அறுவடை மட்டும் முழுக்க இயந்திரமாகிவிட்டது. ஈர வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, மணிக்கணக்கில் வாடகை, நடுவே தரகர். அதன் விலையைக் கொடுப்பது மாடு. அறுவடை இயந்திரம் வைக்கோலை நசுக்கித் தூவிவிட்டுப் போகிறது. உழவு மாடு போய்விட்டது, கறவை மாடு இருக்கிறது, அதற்கு வைக்கோல் வேண்டும். எனவே வைக்கோலை உருளையாகச் சுற்றிக் கட்ட இன்னொரு இயந்திரம், அதற்கு இன்னொரு வாடகை.

நிலக்கடலைக்குத்தான் இன்னும் தீர்வு கிடைக்கவில்லை. வட ஆற்காட்டின் மானாவாரி உயிர்நாடி இந்த மல்லாட்டைதான், உப்பையும் கெட்ட மண்ணையும் கொஞ்சமும் பொறுக்காத பயிரும் இதுதான். மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3.2 டெசி சீமன்ஸைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் ஏறக்குறைய 29 சதவீதம் சரியும். நெல்லுக்கு அது 12 சதவீதம்தான். பூ மேலே பூக்கிறது, காய் கீழே காய்க்கிறது. பூ கருவுற்ற பிறகு அதன் அடியிலிருந்து ஒரு விழுது புறப்பட்டு மண்ணைத் துளைத்து உள்ளே போய்த்தான் காயாகவேண்டும். ஓடான மண்ணில் விழுது முட்டித் திரும்பும். இறங்கிய விழுதும் அறுவடையில் அறுபடும். கடலை தோண்டும் கருவி டிராக்டருக்குப் பின்னால் ஓர் அலகை மண்ணுக்குள் செலுத்தி, காய்களுக்குக் கீழே ஆணிவேரை வெட்டிச் செடியைத் தூக்குகிறது. பொலபொலப்பான மண்ணில் செடி அப்படியே எழும். இறுகிய மண்ணில் கட்டியோடு பெயர்ந்து, பாதிக் காய் உள்ளேயே நின்றுவிடும். பிறகு களைக்கொட்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும். எந்த ஆளை மிச்சம்பிடிக்கக் கருவி வந்ததோ அதே ஆள்.

வழி இல்லாமல் இல்லை. ஜிப்சம் என்பது கால்சியம் சல்ஃபேட். அதன் கால்சியம் மண்ணில் சோடியத்தை இடத்தை விட்டுக் கிளப்பும். கிளம்பிய சோடியத்தை நல்ல தண்ணீர் கீழே அடித்துச் செல்லவேண்டும், கீழே வடிய வழியும் வேண்டும். கடலைக்கு எப்படியும் 40ஆம் நாளுக்குப் பிறகு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம், அது காய் திரள்வதற்கு. கெட்ட மண்ணைத் திருத்த டன் கணக்கில் வேண்டியிருக்கும். தக்கைப்பூண்டை வளர்த்துப் பூவெடுக்கும் முன் மடக்கி உழுதால் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குருணை கட்டும். ரொட்டவேட்டர் தன் பாவத்தைக் கழுவிக்கொள்ளும் இடம் இது. பச்சைச் செடியை நறுக்கி மண்ணோடு கலப்பதில் அதற்கு இணையில்லை. ஆனால் ஜிப்சம் போட்டுவிட்டு அதே உப்புக் கிணற்றை இறைத்துப் பாய்ச்சினால், வாசலில் கோலம் போட்டுக்கொண்டே தண்ணீர் தெளிப்பதுபோல. மானியம் என்றால் நம் அலுவலகங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பவர் டில்லர்தான். சாவியை மேடையில் கொடுத்துப் படம் எடுக்கலாம். ஜிப்சம் மூட்டையும் வடிகாலும் படத்தில் எடுபடாது.

ஆலைப் பக்கமும் மாறியிருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவுநீரை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தும் எதிர்ச் சவ்வூடுபரவல் வந்தது. தண்ணீர் திரும்பிவிடும், உப்பு எங்கே போகும்? ஆவியாக்கிகளில் மிஞ்சும் கலப்பு உப்பு கேட்பாரற்றுக் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்பளிக்கவேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை டிராக்டர் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

ஆம்பூரிலிருந்து உள்ளே போகும் சாலைகளில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே பழைய வட்டக் கிணறுகள் இன்னும் இருக்கின்றன. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும், அதனால்தான் நெல்லும் கரும்பும் போன இடத்தில் அது நிற்கிறது. கிணற்று மேட்டில் கவலையின் இரண்டு கல் தூண்களை யாரும் பிடுங்கவில்லை. அவ்வளவு கனம், பிடுங்கினால் கூலிதான் நஷ்டம். ஒரு தூணில் ஸ்டார்ட்டர் பெட்டி மாட்டியிருக்கும். இன்னொன்றில், பக்கத்துப் போரிலிருந்து வரும் மோட்டார் வயரைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். தூணின் உச்சியில் உருளை உட்கார்ந்திருந்த பள்ளம் தேய்ந்து வழவழப்பாகத் தெரியும். கிணற்றில் தண்ணீர் இல்லை.